பொறந்த ஊட்டுக் கோடி

பொன்னாத்தாளுக்கு மூச்சு நின்றது வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு. கட்டிலோரம் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்த புருஷன் செங்கோட்டையன் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோழி ஷெட்டுக்குப் போய்விட்டார். மூன்று ஷெட்டிலும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் கோழி. ஆறு மணிக்குத் தீவனம் விழவில்லை என்றால் கத்த ஆரம்பித்துவிடும். அன்றைக்குக் கத்த ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஒரே மகள் தனப்பிரியாதான் அம்மாவின் கண்ணை மூடினாள். தாடையைக் கட்டினாள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினாள். அந்தத் துணியை அம்மாவே கிழித்து, மடித்து, தலையணைக்கடியில் வைத்திருந்தாள். 

சேலத்து ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொன்னது மாசி மாசத்தில். ஓசூரில் இருந்த தனப்பிரியா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்போதே வந்துவிட்டாள். வந்த மறுவாரமே பொன்னாத்தாள் ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மிணி, இங்க வா. சித்த உக்காரு. நான் சாவறப்ப ஆளாளுக்கு ஒரு நாயம் பேசுவாங்க. உங்கப்பன் வாயே தொறக்க மாட்டாரு. நீதான் பாத்துக்கோணும். இப்பவே கேட்டு வெச்சுக்க."

"எதுக்கும்மா இப்ப இதெல்லாம்?"

"பின்ன, செத்ததுக்கப்பறம் எந்திரிச்சு வந்தா சொல்ல முடியும்?"

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்தச் சேலை கட்டுவது, ஐஸ் பெட்டிக்கு நாமக்கல்லில் யாரைக் கூப்பிடுவது, யாருக்கு முதலில் போன் போடுவது. எழவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாதென்பதால் டீயும் சோறும் பக்கத்துத் தோட்டத்து வசந்தாமணி வீட்டில். மேளம் வேண்டாம், கோழி மிரளும். வாசலில் இரண்டு பானை மோர், வந்தவர்கள் தொண்டை வறண்டு நிற்கக் கூடாது. குழி சொந்தக் காட்டிலேயே வடகோட்டு வரப்போரம், ஆனால் அந்த இடத்தில் பாறை இருக்கிறது, இரண்டு முழம் தெற்கே தள்ளி வெட்டச் சொல்ல வேண்டும். மண் தள்ளுவதற்குப் பங்காளி வீட்டுப் பையனைத் தேட வேண்டாம், மகளே தள்ள வேண்டும்.

"பொம்பளைப் புள்ள வரக்கூடாதுன்னு எவனாச்சும் சொன்னா, காடு எங்கம்மா பேர்ல இருக்குதுன்னு சொல்லு."

கடைசியாகச் சொன்னதைத்தான் தனப்பிரியாவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"எங்கண்ணனுக்காக என்னைய வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் தம்பி கொண்டுவந்து பிணத்தின் மேல் போர்த்த வேண்டும். அதற்கப்புறம்தான் எடுப்பார்கள். பொன்னாத்தாளுக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன், சண்முகவேல். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டம். பதினொரு வருசமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. "உஞ் சாவுக்கும் நான் வரமாட்டேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவர்.

"சேதி சொல்லிரு. அது மொறை," என்றாள் பொன்னாத்தாள். "ஆனா நிக்காதீங்க. அவன் சொன்னாச் சொன்னதுதான். நீங்க நின்னீங்கன்னா என்னாகும்? கூடப் பொறந்தவ வெயில்ல கெடந்தா, சண்முகவேலு வல்லைன்னு ஒறம்பரை பூராப் பேசும். நிக்காம எடுத்துட்டா அந்தப் பேச்சு இல்ல பாரு. அவங்க நிக்கல, அதான் வர முடியலைன்னு அவன் சொல்லிக்கலாம்."

"அவரு பண்ணுனதுக்கு நீ ஏம்மா ரோசனை பண்ற?"

"எங்கண்ணன்டி அவன். கோடிய வசந்தாமணி போடட்டும். அவளும் எங்க கூட்டத்துல பொறந்தவ, எனக்குத் தங்கச்சி மொறைதான். கையில அடிச்சுச் சொல்லு."

தனப்பிரியா கையில் அடித்துச் சொன்னாள்.

ஏழு மணிக்கு வசந்தாமணி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். எட்டு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. குளிப்பாட்டி, அம்மா எடுத்துவைத்திருந்த பச்சைச் சேலையைக் கட்டி, பெட்டிக்குள் படுக்க வைத்து வாசல் பந்தலில் இறக்கினார்கள். காரியம் செய்கிற அம்மாசி வந்து தெற்கே தலைமாடு பார்த்து வைத்தார். கத்திரி வெயில் எட்டரைக்கே கண்ணைக் கூச வைத்தது.

செங்கோட்டையனின் அண்ணன் கைலாசம் மொபெட்டில் வந்து இறங்கினார். எழுபத்துநாலு வயசு. அந்தப் பக்கத்தில் எந்த நல்லது கெட்டதும் அவர் இல்லாமல் நடக்காது. பிளாஸ்டிக் சேரை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாப் பக்கமும் சேதி சொல்லியாச்சா, அம்மிணி?"

"சொல்லிட்டிருக்கறனுங்க பெரியப்பா."

"மாமனுக்கு?"

"மொதல்லயே போன் பண்ணுனனுங்க. எடுத்தாரு. அம்மா போயிருச்சுங்க மாமான்னேன். ஒண்ணும் பேசல. வெச்சுட்டாரு."

"போன்ல சொல்ற சேதியா இது? ஆள் போகோணும். டேய் தீனா, வண்டிய எடு."

அவர் மகன் தீனதயாளன் போனான். ஒன்பதே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது பந்தலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். எல்லோர் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"குச்சிக்கெழங்குக் காட்டுல தண்ணி கட்டிக்கிட்டு இருந்தாருங்கப்பா. வரப்புல நின்னு சொன்னேன். கேட்டாரு."

"கேட்டுட்டு?"

"மம்முட்டிய எடுத்து அடுத்த பாத்திக்கு மடை திருப்புனாரு."

"ஏதாச்சும் சொல்லியிருப்பானே?"

"சரின்னாருங்க. அவ்வளவுதான். ஊட்டுக்குள்ள அத்தை அழுகற சத்தம் கேட்டுச்சு. இவரு கெளம்பற மாதிரித் தெரியலீங்க."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கைலாசம் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"வரட்டும். வராம எங்க போயிருவான்? பொறந்த ஊட்டுக் கோடி விழுகாம பொணம் வாசலத் தாண்டக் கூடாது."

"நிக்க வேண்டாம்னு அம்மா சொல்லிட்டுத்தானுங்க போயிருக்குது," என்றாள் தனப்பிரியா. "மத்தியானத்துக்குள்ள எடுத்தர்றது. கோடிய வசந்தாமணிச் சித்தி போடோணும்."

"சீக்குல கெடந்தவ ஆயிரம் சொல்லுவா. அதெல்லாம் ஒரு சொல்லா? நாளைக்கு எம் பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கப் போனா, கோடியில்லாம பொணம் எடுத்த குடும்பம்னு சொல்லமாட்டாங்க?"

"அம்மா தெளிவாத்தானுங்க சொன்னாங்க. மூணு மாசமாச் சொன்னாங்க."

"அவ பண்ணுன வேலை அப்பிடி. கூடப் பொறந்தவன் தட்டத் தூக்கிட்டு வந்து பொண்ணு கேட்டான். இல்லேன்னு மூஞ்சில அடிச்சாப்பல சொன்னவதான. அந்தத் திமிருக்குத்தான் இன்னைக்குக் கோடிக்குக் காத்துக் கெடக்கறா."

தனப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். செங்கோட்டையன் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்கப் படிந்தது.

"சித்த நேரம் பாக்கலாஞ் சாமி," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "மச்சான் வந்துருவாரு."

அம்மாவின் திமிர் என்று பெரியப்பா சொன்னதை அங்கே யாரும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டியவள் தனப்பிரியா. பதினொரு வருசத்துக்கு முன்னால், அவளுக்கு இருபத்துமூன்று வயசில், சண்முகவேல் தன் மகன் ஈஸ்வருக்கு அவளைக் கேட்டு வந்தார். கேட்பது என்ன, முறைப்பெண், எடுத்துக்கொண்டு போவதுதான். லீவு நாளெல்லாம் ஈஸ்வரோடு ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே கிணற்றில் நீச்சல் பழகியவள் அவள். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம், "என்னால முடியாதும்மா, அவன் எனக்குக் கூடப் பொறந்தவனாட்ட" என்று அழுதாள். பொன்னாத்தாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய் அண்ணன் முன்னால் நின்று, "நாந்தாண்ணா குடுக்க மாட்டேன். சொந்தத்துல குடுக்கறதுல எனக்கு இஷ்டமில்ல" என்றாள். புள்ளை மேல் கோபம் வந்தால் ஆயுசுக்கும் தீராது, தன்மேல் வந்தால் ஆறு மாசத்தில் ஆறிவிடும் என்று அவள் கணக்கு. ஆறவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தனப்பிரியா இரண்டு மூன்று தடவை நினைத்ததுண்டு. இரண்டு வருசம் கழித்துக் குணசீலனோடு கல்யாணம் ஆனது. ஈஸ்வருக்கும் ஆனது. இனிமேல் என்னத்துக்கு என்று விட்டுவிட்டாள்.

பதினொரு மணிக்குக் குணசீலன் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தான். மோர்ப்பானை ஒன்று காலியாகி வசந்தாமணி அடுத்ததைக் கொண்டுவந்தாள். ஊரெல்லைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பந்தலில் பேச்சு நின்றது. ஒரு தடவை தீவன லாரி. ஒரு தடவை முட்டை ஏற்ற வந்த வண்டி; விஷயம் தெரிந்து டிரைவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். வடகோட்டில் குழி வெட்டியவர்கள் முடிந்தது என்று வந்து கைகாலைக் கழுவினார்கள். சண்முகவேல் வரவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கரண்டு போனது.

எங்கேயோ லைனில் பழுது, எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். குணசீலன் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டான். ஐஸ் பெட்டிக்கு வயர் இழுத்துக் கொடுத்தார்கள். பெட்டி உறுமிக்கொண்டு ஓடியது. அதே நேரத்தில் ஷெட்டில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரப் பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா, தண்ணி இல்லை. கோழி விழுது."

வெயில் நாற்பத்தொன்றைத் தொட்டால் கூரைக்கடியில் தண்ணீரைப் புகை மாதிரித் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் கோழி தாங்காது. தனப்பிரியா ஷெட்டுக்குள் நுழைந்தாள். கொக்கரிப்பு இல்லை. அத்தனை கோழியும் வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டிக்கொண்டு, தொண்டை படபடக்க நின்றன. முதல் வரிசையிலேயே மூன்று கம்பியில் சாய்ந்து கிடந்தன. போன சித்திரையில் இப்படி ஒரே மத்தியானத்தில் எழுநூறு போனது. அன்றைக்கு அம்மா சாக்கை நனைத்து நனைத்துக் கூண்டின்மேல் போட்டுவிட்டுக் கடைசியில் ஷெட்டு வாசலிலேயே மயங்கி விழுந்தாள்.

மோட்டாரைப் போட்டார்கள். ஜெனரேட்டர் ஒரு கனைப்புக் கனைத்தது. பந்தலில் ஐஸ் பெட்டி நின்றுபோனது. மோட்டாரை அணைத்தால் பெட்டி ஓடியது. மறுபடி மோட்டார், மறுபடி பெட்டி நின்றது. பழைய ஜெனரேட்டர், இரண்டையும் இழுக்கிற தெம்பு அதற்கில்லை. குணசீலன் சட்டையெல்லாம் கரியாக, "ஒண்ணுதான் ஓடுங்க மாமா" என்றான்.

செங்கோட்டையன் ஸ்விட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். முப்பத்தாறு வருசம் கோழியோடு கிடந்த மனுஷன். அந்தக் கை அசையவில்லை.

"அப்பா."

"உங்கம்மா சூடு தாங்கமாட்டாளே சாமி," என்றார் அவர். சொல்லும்போதுதான் அன்றைக்கு முதல்தடவையாக அவர் குரல் உடைந்தது.

தனப்பிரியா பக்கத்தில் போனாள். அவர் கையை மெல்ல எடுத்து விலக்கினாள். பெட்டிக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டு மோட்டார் ஸ்விட்சை அழுத்தினாள். ஷெட்டுக் கூரைக்கடியில் தண்ணீர் சீறிக் கிளம்பும் சத்தம் கேட்டது. நேராகப் பந்தலுக்கு வந்தாள்.

"பெரியப்பா, பெட்டிய நிறுத்திட்டனுங்க. இனி நிக்க முடியாது. எடுத்தர்லாம்."

கைலாசம் சேரை விட்டு எழுந்தார். "என்ன சொன்ன? கோழிக்கோசரம் பெத்தவளையா...?"

"ஆமாங்க."

"மனுசி சென்மந்தானா நீ?"

"பன்னெண்டாயிரம் உசுரு வாயத் தொறந்துட்டு நிக்குதுங்க. அம்மாவா இருந்தா என்ன பண்ணியிருக்கும், நீங்களே சொல்லுங்க. போன சித்திரையில ஷெட்டு வாசல்ல மயங்கிக் கெடந்தது உங்களுக்குத் தெரியாதா?"

அம்மாசிதான் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மிணி சொல்றது நாயந்தானுங்க சாமி. இந்த வெக்கையில பெட்டி இல்லாம ஒரு மணி நேரந் தாங்காதுங்க. பொறவு கோடி வந்தும் பிரயோசனமில்லீங்க."

கைலாசம் சாலையைப் பார்த்தார். சாலை வெறிச்சென்று கிடந்தது, தார் மட்டும் தண்ணீர் மாதிரி நெளிந்தது. "என்னமோ பண்ணுங்க. எம் பேர இதுல இழுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வசந்தாமணி கோடிச் சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். "எங் கையால போட வெச்சுட்டியே அக்கா," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சேலையை விரிக்கும்போது ஒரு பக்கம் நழுவி, அதை அம்மாசி சரி செய்தார். ஒரு மணிக்குள் எடுத்தார்கள்.

பெண்கள் வாசல் எல்லையில் நின்றுவிட்டார்கள். தனப்பிரியா நிற்கவில்லை. பின்னால் ஒரு ஆள் ஏதோ சொன்னான். "காடு எங்கம்மா பேர்ல இருக்குதுங்க" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு நடந்தாள். உழுது போட்ட மண் செருப்பில்லாத காலைச் சுட்டது. குழி இரண்டு முழம் தெற்கே தள்ளித்தான் வெட்டியிருந்தார்கள். இறக்கினார்கள். மூன்று கை மண் தள்ளினாள். அதற்கப்புறம் ஆண்கள் மம்முட்டியை எடுத்தார்கள். தலைமாட்டிலிருந்து மண் விழ ஆரம்பித்தது. முகம் மறைந்தது. மார்பு மறைந்தது.

அப்போதுதான் தோட்டத்துத் தடத்தில் பைக் ஒன்று புழுதியோடு வந்து நின்றது. ஓட்டி வந்தது ஈஸ்வர். பின்னாலிருந்து குதித்து இறங்கியவர் சண்முகவேல். வேட்டியை ஒரு கையிலும் துணிக்கடைப் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு உழவுச் சாலில் தடுக்கித் தடுக்கி ஓடி வந்தார்.

"நிறுத்துங்கடா! நிறுத்துங்க!"

மம்முட்டிகள் நின்றன. அவர் குழியோரம் வந்து எட்டிப் பார்த்தார். மண்ணைத்தான் பார்க்க முடிந்தது. கால்மாட்டில் மட்டும் வசந்தாமணி போட்ட சேலையின் ஓரம் தெரிந்தது.

"யாரு எடுக்கச் சொன்னது?"

காலையில், மச்சான் வந்துருவாரு என்று சொன்னவர் செங்கோட்டையன். அவர்தான் முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க மச்சான்."

"ஒரு மணி நேரம் நிக்க மாட்டீங்களா மாப்பிள்ளை? பதினோரு வருசம் நான் வல்லை. அதுக்கு ஒரு மணி நேரம் நிக்க மாட்டீங்களா? ஒரு மடை பாக்கியிருந்துச்சு, திருப்பி உட்டுட்டு அப்பவே கெளம்பிட்டேன். மாம்பழக் கலரு சேலை. சின்னதுல இருந்து அவளுக்கு அந்தக் கலருதான். ராசிபுரத்துல நாலு கடை ஏறி எறங்குனேன், இல்ல. இளம்பிள்ளைக்குப் போயி நெசவுக்காரங்க ஊட்டுலயே எடுத்துட்டு ஓடியாறேன்."

"வாரேன்னு ஒரு வார்த்தை தீனாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்க மச்சான்."

"எந்த வாயில சொல்லுவேன்? வரமாட்டேன்னு சொன்ன வாயி."

தனப்பிரியாவால் அப்பாவை அந்த இடத்தில் நிற்கவிட முடியவில்லை.

"அப்பா சொல்லல மாமா. நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

சண்முகவேல் அவள் பக்கம் திரும்பினார். பதினொரு வருசத்தில் அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. கண் சிவந்திருந்தது, வெயிலாலா அழுகையாலா தெரியவில்லை.

"நீயா? அம்மாளாட்டத்தான புள்ளையும் இருக்கும். அன்னைக்கு அவ ஈவு எரக்கமில்லாம குடுக்கமாட்டேன்னா. இன்னைக்கு நீ."

அதோடு விட்டிருக்கலாம். அம்மா பதினொரு வருசம் கட்டிக்காத்ததை அம்மாவோடே புதைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஈவு இரக்கமில்லாதவள் என்ற சொல் குழிக்குள் கிடப்பவள் மேல் மண்ணோடு சேர்ந்து விழுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அன்னைக்கும் அம்மா இல்லீங்க மாமா."

"என்ன?"

"வேண்டாம்னு சொன்னது நானுங்க. உள்ளார கதவச் சாத்திக்கிட்டு நாந்தான் அழுதேன். எம்மேல கோவம் வரக்கூடாதுன்னு அம்மா வெளிய வந்து தான் சொல்றாப்பலச் சொல்லிருச்சு. நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

ஈஸ்வர் தலையைக் குனிந்துகொண்டான். சண்முகவேலின் வலது கை மேலே எழும்பியது. குணசீலன் சட்டென்று இரண்டடி முன்னால் வந்தான். தனப்பிரியா நகரவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றாள். எழும்பிய கை அவருடைய தலைமேலேயே போய் விழுந்தது.

"பதினோரு வருசம்," என்றார். "பதினோரு வருசம்டி."

வரப்பில் உட்கார்ந்துவிட்டார். யாரும் பக்கத்தில் போகவில்லை. வெயிலில் ஆட்கள் மம்முட்டியைப் பிடித்தபடி நின்றார்கள். அம்மாசிதான் குனிந்து அவர் காதருகில் சொன்னார்.

"சாமி, கால்மாட்டுல இன்னும் மண்ணு விழுகலீங்க. கொண்டாந்த கோடிய அங்க போடலாமுங்க. தப்பில்லீங்க."

பையைப் பிரித்து அம்மாசியிடம் கொடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு தானே குழிக்குள் இறங்கினார். அறுபத்தெட்டு வயசு. கால் வழுக்கியது. உள்ளே குந்தி உட்கார்ந்து, தங்கச்சியின் பாதத்தைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மாம்பழக் கலர் சேலையை மடிப்புக் கலைத்து, முழங்காலிலிருந்து பாதம்வரை நீவி நீவி விரித்தார். ஏறுவதற்குச் செங்கோட்டையன் கை கொடுத்தார். மேலே வந்ததும் தீனதயாளன் கையிலிருந்த மம்முட்டியை வாங்கிக்கொண்டார். மிச்சக் குழியை மூடி முடிக்கிறவரை யாரிடமும் கொடுக்கவில்லை.

மூன்று மணிக்குக் கரண்டு வந்தது. குளித்துவிட்டு வந்தவர்களுக்கு வசந்தாமணி வீட்டில் சோறும் ரசமும் போட்டார்கள். கைலாசம் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் நாள் பால் ஊற்றுவதைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். செங்கோட்டையன் கயிற்றுக் கட்டிலில் சுருண்டு தூங்கிவிட்டார். வந்திருந்த உறம்பரைச் சனம் கலைந்துவிட்டது. காலையிலிருந்து முட்டை எடுக்கவில்லை என்று தனப்பிரியாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒடிசாக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு ஷெட்டைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவதில் இவள் முட்டை அடுக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு கூண்டு வரிசையோரம் போனாள். பாதி வரிசை போயிருப்பாள். எதிர் வரிசையில் ஆள் அரவம் கேட்டது. ஈர வேட்டியோடு சண்முகவேல். அவரும் ஒரு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு முட்டைகளைப் பொறுக்கினார். பழக்கமில்லாத கை, ஒன்றொன்றாக எடுத்தது.



"எத்தன செத்துச்சு?" என்றார்.

"நாப்பத்திரண்டுங்க."

"பெட்டிய நீதான் நிறுத்துனியாமா. உன்ற ஊட்டுக்காரரு சொன்னாரு. நிக்க வேண்டாம்னு அவ சொல்லிட்டுப் போனதையுந்தான்."

"ஆமாங்க."

அவர் கூண்டுக்கடியில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தார். "அவளா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பா."

வரிசை முடிகிற இடத்தில் இருவரும் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் அவ," என்றார்.

"சொல்லியிருந்தா எங்கூடப் பேசாம இருந்திருப்பீங்க மாமா."

"இருந்திருப்பேன். உங்கூடத்தான? அவகூடப் பேசியிருப்பனே."

தனப்பிரியா அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை. கோழிகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. சண்முகவேல் அவளை அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. தேற்றவும் இல்லை. அவளுடைய அட்டையையும் தானே எடுத்து அடுத்த வரிசையில் பொறுக்க ஆரம்பித்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சேரும்போது அட்டை நிரம்பியிருந்தது.

"மூணாம் நாளுக்கு உங்க அத்தையக் கூட்டியாறேன்."

"வாங்க மாமா."

"நானும் ஊட்டுல சொல்லி வெக்கோணும்," என்றார் அவர், நிரம்பிய அட்டையை அடுக்கின்மேல் வைத்துக்கொண்டே. "அவ சொன்னாப்பல. நான் போனா யாருக்கும் நிக்க வேண்டாம், அவங்க பாட்டுக்கு எடுத்தர்லாம்னு."

"எனக்கு நிக்கச் சொல்லுங்க மாமா."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஓசூர்ல இருந்து நான் வாரதுக்கு நாலு மணி நேரம் ஆகுமுங்க."

"இந்த மாதிரி வெயில் காலமா இருந்தா?"

"இருந்தாலுமுங்க."

அவர் இன்னொரு வெற்று அட்டையை எடுத்தார். அடுத்த வரிசைக்கு நடந்தார். இரண்டு முட்டையை எடுத்து அட்டைக் குழியில் வைத்தபிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"நாலு மணி நேரம்னா நிக்கலாம்."